சோர்ந்தாரைத் தேற்றும் பணி

திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில் ‘ஹார்விபுரம்’ என்னும் பெயருடைய இல்லத்தில் வாழ்ந்தவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் 1855ஆம் ஆண்டில் ஆலப்புழையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சைவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்; கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். அத்தகையவர் தம் இல்லத்திற்கு இறைவன் திருப்பெயரையோ முன்னோர் பெயரையோ இடவில்லை. மகாராஜா கல்லூரியில் தமக்குத் தத்துவம் கற்பித்த டாக்டர் ஹார்வி என்னும் மேனாட்டு ஆசிரியரின் பெயரை இட்டார். 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தையும் அவருக்கே உரிமையாக்கினார். அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த அடிகளே தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்பெறுகின்றன.

தாய்நாட்டு எல்லைக்கு அப்பால் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர், தம்மினும் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட ஓர் ஆசிரியரை இத்துணை நன்றியோடு நினைந்தார். ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் ஊக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றும் என்பதற்கு நம் நகரத்திலேயே உள்ள சான்று இது. பிறரை ஊக்குதலைக் கிறிஸ்தவ சமயம் ஒரு தலையாய கடமையாகவே கொண்டிருக்கிறது. நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கின்றோம். எனினும் அச்சமயத்தார் இக்கடமையை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை அறிவது நம் அனைவருக்கும் பயன் தருவதாகும்.

திருவள்ளுவர் ‘ஊக்கமுடைமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவனுக்கு நிலைத்த செல்வம் அவன் உள்ளத்து ஊக்கமே என்பது அவர் கருத்து. ஆனால் அச்செல்வத்தை இழந்து நிற்பவன் என் செய்வான்? வறியவனுக்குப் பொருள் ஈவது போல, மனம் சோர்ந்தவனுக்கு ஊக்கத்தையும் பிறர் ஈய வேண்டும் அன்றோ? இவ்விடத்தில்தான் புதிய ஏற்பாட்டின் நிருபங்கள் நமக்குத் துணை செய்கின்றன. சோர்ந்தவர்களைத் தேற்றுமாறும், பலவீனரைத் தாங்குமாறும் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். எபிரேயருக்கு எழுதப்பெற்ற நிருபமோ, இப்பணியை நாள்தோறும் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகிறது.

இந்நூல்கள் கிரேக்க மொழியில் எழுந்தவை. அவற்றில் இப்பொருளுக்கு வழங்கும் சொல் ‘பராக்லேசிஸ்’ என்பது. ஒருவரைத் தன் அருகே அழைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆறுதல், அறிவுரை, ஊக்கம் ஆகிய மூன்றும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கும். தமிழ் வேதாகமம் தூய ஆவியைத் ‘தேற்றரவாளன்’ என்று கூறுவதும் இவ்வேரிலிருந்து வந்த சொல்லின் மொழிபெயர்ப்பே. ஆகவே ஊக்குதல் என்பது தூரத்தில் நின்று கைதட்டுவதன்று. அருகில் வந்து நிற்பதேயாகும். புகழ்வதற்கும் ஊக்குவதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. புகழுரை வென்றவனைத் தேடிச் செல்லும். ஊக்கவுரையோ வீழ்ந்தவனைத் தேடிச் செல்லும். முன்னதற்குச் செலவில்லை, பின்னதற்கு உண்டு.

அச்செலவு யாது என்பதை அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் பர்னபாவின் வரலாறு தெளிவாக்குகிறது. அவருடைய இயற்பெயர் யோசே. சைப்பிரஸ் தீவில் பிறந்த யூதர். நம்மைப் போலவே முன்னோர் நாட்டுக்கு வெளியே பிறந்தவர். ‘ஆறுதலின் மைந்தன்’ என்னும் பொருளில் பர்னபா என்ற பெயரை அவருக்கு அப்போஸ்தலரே சூட்டினர்.

தமாஸ்கு நகரை நோக்கிச் சென்ற வழியில் மனம் மாறிய சவுல், எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேர முயன்றார். நேற்றுவரை வீடு வீடாகப் புகுந்து தம்மைச் சிறைப்பிடித்தவரை அவர்கள் எங்ஙனம் நம்புவர்? எல்லோரும் அஞ்சி விலகினர். பர்னபா ஒருவரே அவரை அழைத்துச்சென்று அப்போஸ்தலர் முன் நிறுத்தி, அவருக்காகச் சான்று கூறினார். சவுலின் மனமாற்றம் பொய்யாக இருந்திருப்பின் முதலில் நம்பிக்கை இழந்திருப்பவர் பர்னபாவே. தம் நற்பெயரையே ஈடாக வைத்து ஒருவருக்குப் பிணை நின்றார் அவர். பின்னர் அந்தியோகியாவில் பணி பெருகியபோது, தர்சு பட்டணம் வரை சென்று சவுலைத் தேடி அழைத்து வந்தவரும் அவரே.

இதன் பின் நிகழ்ந்தது நுட்பமாக நோக்கத் தக்கது. தொடக்கத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்றே எழுதிச் செல்கிற ஆசிரியர், போகப்போகப் ‘பவுலும் பர்னபாவும்’ என்று பெரும்பாலும் எழுதத் தலைப்படுகிறார். தாம் கைதூக்கிவிட்டவர் தம்மினும் உயர்ந்து நிற்பதைப் பர்னபா கண்டார். அதற்காக அவர் மனம் வருந்தியதாக ஒரு சொல்லும் இல்லை. பிறரை ஊக்குவோர் ஏற்கவேண்டிய இரண்டாவது செலவு இது. நம்மால் வளர்ந்தவன் நம்மைக் கடந்து செல்கையில் மகிழ்வதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

பயணத்தின் நடுவே பணியை விட்டுத் திரும்பிப்போன மாற்கு என்னும் இளைஞரை மறுமுறை அழைத்துச் செல்வதா என்னும் கேள்வி எழுந்தபோது, பவுல் மறுத்தார், பர்னபா விடவில்லை. மாற்கு அவருக்கு உறவினர் என்பதும் உண்மை. இருவருக்கும் கடும் பிணக்கு நேர்ந்து, வழியும் பிரிந்தது. மாற்கைத் தம்மோடு சைப்பிரசுக்கு அழைத்துச் சென்றார் பர்னபா. ஆண்டுகள் பல கழிந்தபின், மாற்குவை அழைத்துவருமாறும், அவர் தம் பணிக்குப் பயனுள்ளவர் என்றும் தீமோத்தேயுவுக்கு அதே பவுல் எழுதக் காண்கிறோம். இரண்டாம் சுவிசேஷம் மாற்குவின் பெயராலேயே வழங்குகிறது. ஒருமுறை தவறியவனுக்கு மறுவாய்ப்பு அளிக்க ஒருவர் துணிந்ததன் பயன் அது.

இனி நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் காண்போம். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுக் கம்பெனியின் படை தோற்றது. சிறைப்பட்டோருள் ஒருவரான டி லனாய், பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுப் படைகளைப் பயிற்றுவித்து, ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்றார். அக்காலத்தில் அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்துப் பொருளிழப்பு நேர்ந்து, அவர் மனம் மிக நொந்தார். அவ்வமயம் அவருக்கு டி லனாய் யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி.

யோபுவின் கதையை அவர் தேர்ந்தது பொருத்தமுடையது. மக்களையும் மாடுமனைகளையும் இழந்து, உடலெங்கும் புண்பட்டுக் கிடந்த யோபுவைக் காண மூன்று நண்பர் வந்தனர். ஏழு பகலும் ஏழிரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. வாய் திறந்தபின்போ, அவர் ஏதோ பாவம் செய்திருக்கவேண்டும் என்று வாதிட்டுப் புண்ணில் வேல் பாய்ச்சினர்; முடிவில் இறைவனின் கோபத்துக்கும் ஆளாயினர். துன்பப்படுவோனிடம் காரணம் கற்பிக்கலாகாது; அருகிருத்தல் வேண்டும். நாடு இழந்து சிறைப்பட்டு, அயல்மண்ணில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கியவர் டி லனாய். துன்பம் இன்னதென்று தாமே உணர்ந்த ஒருவர் கூறியதால் அக்கதைக்கு வலிமை மிகுந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ‘கடவுளே துணை’ என்னும் கருத்துடைய லாசரு என்ற பெயரின் தமிழாக்கம் அது. அதன்பின் அவர் வாழ்வு எளிதாயிற்றா எனில், இல்லை. 1749இல் சிறைப்பட்டார், வதைக்கப்பட்டார், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவரை, 2022 மே 15ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. டி லனாய் 1777இல் மறைந்தார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மெய்யான ஊக்கம் இனித் துன்பமே வாராது என்று உறுதி கூறுவதன்று. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சரியாகாதபோது அச்சொல்லே பொய்யாகிவிடும். துன்பம் வந்தாலும் நீ தனியனல்லன் என்பதே கிறிஸ்தவம் கூறும் ஆறுதல். இழந்த பொருளை டி லனாய் மீட்டுத் தரவில்லை. ஆனால் பின்னாளில் சிறையிலும் வதையிலும் கலங்காத உள்ளம் உருவாகத் துணைநின்றார்.

இவற்றை நம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். அயலூரில் குடியேறிய குடும்பத்திற்கு முதற்குறை பணமன்று. ‘இவரை நான் அறிவேன்’ என்று சொல்ல ஒருவர் இல்லாமையே. வாடகைக்கு வீடு கேட்டாலும், கடையில் வேலை கேட்டாலும், அறிந்தவர் யார் என்பதே முதற்கேள்வி. அன்று எருசலேமில் சவுல் நின்ற நிலை இதுவேயன்றோ? ஆண்டுகள் பல இங்கு வாழ்ந்து நற்பெயர் ஈட்டிய நாம், அப்பெயரில் ஒரு சிறு பகுதியைப் புதிதாக வந்தவருக்கு ஈடாக வைக்க முன்வருதல் வேண்டும்.

நம்மவரிடையே மற்றொரு குறையும் உண்டு. சிறிய சமூகமாக வாழ்வதால் ஒருவரின் வீழ்ச்சி எல்லோர் செவிக்கும் எட்டிவிடுகிறது. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் நொடித்தவர், தேர்வில் தவறிய மாணவர், வேலையை விட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஆகியோரின் கதை ஒவ்வொரு திருமண வீட்டிலும் பேசப்படுகிறது. அதனால் அவர்கள் கூட்டத்திற்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். பர்னபா மாற்குவிடம் நடந்துகொண்டதை இங்கே நினைவு கூர்வோம். பழைய தவற்றை நாம் நினைவில் வைத்திருக்கும்வரை அவர்களுக்குப் புதிய தொடக்கம் இல்லை. வராதவர் வீட்டுக்கு நாமே சென்று, பழையதைக் கிளறாமல், அடுத்த பணியை அவரிடம் ஒப்படைப்பது நூறு அறிவுரைக்கு மேலானது.

இன்னும் ஓரிடம் உண்டு. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981 முதல் இயங்கிவரும் வட்டாரப் புற்றுநோய் மையத்திற்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். மலையாளப் பலகையைப் படிக்கவியலாமல், எந்த வரிசையில் நிற்பது என்றும் அறியாமல், அச்சத்தோடு தவிப்போர் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் செய்ய நம்மால் இயலாது. ஆனால் ஒரு படிவத்தை நிரப்பித் தரலாம். மருத்துவர் கூறியதைத் தமிழில் விளக்கலாம். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு செல்லலாம். ஒன்றும் செய்ய இயலாதபோது, யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்தது போல் பேசாது அருகில் அமரலாம். தாய்மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதே நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் பெருந்தெம்பு.

நம் இல்லங்களிலும் இப்பணிக்கு இடமுண்டு. பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக இரண்டுக்கும் இடையே தடுமாறும் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம். அவ்வாறு பேசாமல், அன்றைய பாடத்தை அதன் அருகில் அமர்ந்து ஒருமுறை படிக்கச் செய்வோம். சுந்தரம் பிள்ளை போன்றோர் உருவாவது இத்தகைய துணையால்தான்.

ஊக்கம் அளிக்கச் செல்வமோ கல்வியோ பதவியோ தேவையில்லை. சிறைப்பட்டு வந்த அயலவர் ஒருவரும் அரண்மனை அலுவலருக்கு அதனை அளித்தார். இதனை நாள்தோறும் செய்க என்று அந்நிருபம் கூறியதற்குக் காரணமும் உண்டு. சோர்வு நாள்தோறும் வருகிறது. உதவும் வாய்ப்போ நாளை இருக்குமென்பது உறுதியன்று. ஆகவே அன்பர்களே, இவ்விதழை மூடிவைக்குமுன் நாம் ஒவ்வொருவரும் ஒரு பெயரை நினைப்போமாக: சில மாதங்களாகக் கண்ணில் படாதவர், தோற்றுப்போனார் என்று ஊர் பேசுகிறவர், நோயாளியோடு தனித்திருப்பவர். அவரைக் காண இன்று மாலையே புறப்படுவோம்.