ரிப்பன் மைக்குக்கு எந்த டிரான்ஸ்பார்மர்?

வீட்டிலேயே ரிப்பன் மைக் செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த விகிதத்துல டிரான்ஸ்பார்மர் வாங்கணும்?" என்பதுதான். 1:37 என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் 1:37 என்று போட்ட இரண்டு டிரான்ஸ்பார்மர்களில் ஒன்று அமைதியாகவும் இன்னொன்று இரைச்சலாகவும் இருக்கலாம். ஏன்? பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், பார்த்துவிடலாம்.

1930களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஹாரி ஓல்சன் உருவாக்கிய ரிப்பன் மைக்கும் இன்று நாம் செய்வதும் அடிப்படையில் ஒன்றுதான். இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினிய நாடா. ஒலி அதை அசைக்கிறது, அசைவு மின்னழுத்தம் ஆகிறது. நாடா 50 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 2 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தின் தன்மையை வைத்துக் கணக்கிட்டால் மின்தடை சுமார் 0.17 ஓம். நாடாவில் போடும் மடிப்புகளால் உண்மையான நீளம் கூடும் என்பதால் 0.2 ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் இதில் கிடைப்பது ஒரு மைக்ரோவோல்ட் அளவுதான். அதை உயர்த்தத்தான் டிரான்ஸ்பார்மர்.

சரி, அப்படின்னா 1:100 போட்டால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் சிக்கல். மின்னழுத்தம் விகிதத்தின்படி உயரும், இம்பீடன்ஸோ விகிதத்தின் வர்க்கப்படி உயரும். 1:37 என்றால் 37 × 37 × 0.2, அதாவது சுமார் 274 ஓம். 1:100 என்றால் 2000 ஓம். ப்ரீஆம்பின் உள்ளீடு 1500 ஓம் என்று வைத்தால், முதலாவதில் 37 மடங்கில் 31 மடங்கு கைக்கு வரும். இரண்டாவதில் 100 மடங்கில் 43 தான் மிஞ்சும். மூன்று டெசிபல்கூடத் தேறவில்லை. மேலும் நாடா இயல்பாக அதிரும் தாழ்ந்த அலைவரிசைகளில் அதன் இம்பீடன்ஸ் எகிறும், அங்கே இழப்பு இன்னும் அதிகம். பாஸ் மெலிந்து போகும். மூல இம்பீடன்ஸைப் போல ஐந்து மடங்காவது ப்ரீஆம்ப் உள்ளீடு இருக்கட்டும் என்பது இதனால்தான். 1:37 ஜோதிட எண் எல்லாம் இல்லை. உங்கள் நாடா 0.1 ஓம் என்றால் 1:50கூடச் சரியாக வரும்.

இப்போது யாரும் கேட்காத கேள்வி: பிரைமரி சுருளின் மின்தடை எவ்வளவு? எந்த மின்தடையும் சும்மா இருந்தாலே, வெப்பத்தால் கொஞ்சம் இரைச்சல் எழுப்பும். ஜான்சனும் நைக்விஸ்ட்டும் 1928ல் வெளியிட்ட விஷயம் இது. இரைச்சலின் திறன் மின்தடைக்கு நேர்விகிதம். நாடாவின் 0.2 ஓம் இரைச்சலைத் தவிர்க்க முடியாது. ஆனால் பிரைமரியும் 0.2 ஓம் என்றால் இரைச்சல் இரட்டிப்பு, 3 டெசிபல் போச்சு. பிரைமரி 0.03 ஓம், செகண்டரி 40 ஓம் என்றால்? செகண்டரியை 1369 ஆல் வகுத்தால் இன்னொரு 0.03. மொத்தம் 0.26 ஓம், இழப்பு ஒரு டெசிபல் சொச்சம்தான். விகிதம் அதே 1:37. வித்தியாசம் காதில் கேட்கும்.

இந்த இழப்பை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ப்ரீஆம்பாலும் ஈடுகட்ட முடியாது. அது குரலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

"230 வோல்ட், 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டா 1:38 வருதே?" வரும். ஆனால் சிறிய டிரான்ஸ்பார்மரில் 6 வோல்ட் சுருள் மட்டுமே ஒரு ஓம் அளவில் இருக்கும். 0.2 இருந்த இடத்தில் 1.2 ஓம், ஆறு மடங்கு, கிட்டத்தட்ட 8 டெசிபல் இழப்பு. 230 வோல்ட் சுருளை இதில் சேர்க்கவே இல்லை. காப்புக் கவசமும் கிடையாது, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இலவசம். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

நல்ல ரிப்பன் டிரான்ஸ்பார்மர் விலை அதிகமாக இருப்பதும் இதனால்தான். மின்தடை குறைய வேண்டுமானால் தடித்த கம்பி, குறைந்த சுற்றுகள். சுற்று குறைந்தால் இண்டக்டன்ஸ் குறைந்து பாஸ் போகும். இரண்டும் வேண்டுமென்றால் நிக்கல் கலந்த உயர்தர கோர் தேவை.

அடுத்து, இணைப்புக் கம்பி. போக வர மொத்தம் 20 செ.மீ. என்று வைப்போம். 0.1 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பி என்றால் 0.43 ஓம், நாடாவைப் போல இரு மடங்கு! 0.5 சதுர மி.மீ. கம்பி என்றால் 0.007 ஓம்தான். ஆகவே தடித்த கம்பி போட்டு, டிரான்ஸ்பார்மரைக் காந்தங்களிலிருந்து சற்றுத் தள்ளியே வையுங்கள். பக்கத்தில் வைத்தால் நியோடிமியம் காந்தம் கோரைச் செறிவாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இவற்றை மல்டிமீட்டரில் அளக்காதீர்கள். மீட்டர் செலுத்தும் மின்னோட்டத்தால் காந்தத்துக்குள் இருக்கும் நாடா இழுபடலாம், கோர் காந்தமேறலாம். நாடாவைக் கணக்கிடுங்கள், டிரான்ஸ்பார்மருக்கு டேட்டாஷீட்டைப் பாருங்கள். பிரைமரி மின்தடை போடாத டேட்டாஷீட் என்றால், விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.