எல்லைக்கோடும் வாழ்வாதாரமும்

உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தை 2030ஆம் ஆண்டளவில் பாதுகாக்க வேண்டும் என்ற இலக்கு, 2022 டிசெம்பரில் மொன்றியலில் நடைபெற்ற உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தில் இலங்கையும் ஒரு தரப்பாகும். ஆகவே, இந்நாட்டிலும் புதிய சரணாலயங்களுக்கும் ஒதுக்குக்காடுகளுக்கும் எல்லைகள் வகுக்கப்படலாம். அவை எவ்வாறு வகுக்கப்படும் என்பதே எமது கவலையாகும்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசம் இதற்கோர் பாடமாகும். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற கிராமங்களில் அவர்கள் விட்டுச்சென்ற காணிகளில் காலப்போக்கில் காடு மண்டியது. 2012இல் வர்த்தமானி அறிவித்தல் மூலம் அங்கு ஒதுக்குக்காடு பிரகடனப்படுத்தப்பட்டது. தமது காணிகளும் அதனுள் அகப்பட்டுவிட்டன என மீளத் திரும்பியோர் முறையிட்டனர். வில்பத்துவை அண்டிய காடு அழிக்கப்படுவதாகச் சூழலியலாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். காடும் வேண்டும், குடியிருப்பும் வேண்டும். ஆயினும், அங்கு வாழ்ந்தவர்கள் எவர் என்ற வினா, கோடு வரையப்படுவதற்கு முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வினாவை முன்கூட்டியே எழுப்பிய நாடாக அவுஸ்திரேலியாவைக் குறிப்பிடலாம். அங்குள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்காவில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த மீன்பிடித் தடைப்பகுதி, 2004 ஜூலையில் சுமார் 33 சதவீதமாக விரிவாக்கப்பட்டது. முதலில் அக்கடற்பரப்பு 70 உயிரியல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஆகக்குறைந்தது 20 சதவீதம் பாதுகாக்கப்பட வேண்டும் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவைக் குறைக்காமலேயே, மீனவர்களுக்கு இழப்புக் குறைவான இடங்கள் எவையெனக் கணினியின் துணையுடன் ஆராயப்பட்டது. பொதுமக்களிடமிருந்து 31,000க்கும் மேற்பட்ட கருத்துகள் கிடைத்தன. அவற்றுக்கமைய எல்லைகள் பல இடங்களில் திருத்தப்பட்டன. அவ்வாறிருந்தும் தொழில் பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதியுதவி வழங்க நேர்ந்தது. அத்தொகையும் ஆரம்பக் கணிப்பைவிடப் பன்மடங்காக உயர்ந்தது.

இயற்கையைப் பேணுவதற்கு ஒரு விலை உண்டு. அதனை யார் செலுத்துவது என்பதைத் திட்டமிடுவோர் மறைத்துவிட முடியாது. நாடு முழுவதும் பயன்பெறும் காட்டுக்கான விலையை, காட்டோரத்தில் வாழும் ஏழை விவசாயியும் கரையோர மீனவனும் மாத்திரம் சுமப்பது நீதியன்று.

வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டப்படுவதற்கு முன்னர், கிராம அலுவலரின் பதிவேடுகளும் காணி உறுதிகளும் பரிசீலிக்கப்பட வேண்டும். பிரதேச மக்களின் கருத்து அவர்களது மொழியிலேயே கேட்கப்பட வேண்டும். இழப்புத் தவிர்க்க முடியாதெனில் மாற்றுக் காணியோ நட்டஈடோ முன்கூட்டியே உறுதிப்படுத்தப்பட வேண்டும். மக்கள் தமதென ஏற்றுக்கொள்ளும் காடே நிலைத்து நிற்கும் என நாம் நம்புகின்றோம்.