செல்லையாவைத் தேடுதல்: கட்டற்ற மென்பொருளில் ஒரு திருத்தம்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் ஆங்கிலேயர் கால ஆவணங்களில் 'தம்பிளகம்' என வழங்கிற்று. சிங்களத்தில் 'தம்பலகமுவ' எனப்படும். ஊர்ப்பெயர் பலவாறு எழுதப்படுவதால் விளையும் தீங்கு சிறிதே. ஆட்பெயர் அவ்வாறன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர்க் கரைகளைத் தாக்கியபின், உறவினரைத் தேடியோர்க்குப் பெயரே முதற் சான்றாயிற்று.

அப்பேரிடரின்போது இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தன்னார்வமாக ஒன்றுகூடி ஆக்கியது 'சகானா'. நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் இது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கான பதிவேடுகளை அது கொண்டிருந்தது. மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டமையால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கும் பயன்பட்டது.

இத்தகைய பதிவேடுகளில் பெயரை ஒலியொப்புமையால் தேடுவதற்குப் பழைய முறையொன்று உண்டு. 1918 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' அது. முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விடுத்து, தொடரும் மெய்களுக்கு மூன்று இலக்கம் வரை இடும். ஆங்கில எழுத்திலமைந்த நம் ஊர்ப்பெயரின் மூன்று வடிவங்களும் இதில் டி-514 என்ற ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. ஆனால் செல்லையா என்னும் பெயரை ஒருவர் 'எஸ்' கொண்டும் மற்றவர் 'சி, எச்' கொண்டும் தொடங்குவாராயின் எஸ்-400, சி-400 என இரு வேறு மனிதராகி விடுகின்றனர். முகாமில் எழுதுநர் ஒருவிதமாகப் பதிய, மகள் வேறுவிதமாகத் தேடினால் 'இல்லை' என்பதே விடை. திரையிலுள்ள சொற்களைத் தமிழாக்குவதோடு நம் பங்களிப்பு நின்றுவிடலாகாது என நாம் கருதுவது இதனாலேயே. (அப்பணியும் வேண்டியதே.)

விற்பனை மென்பொருளாயின் முறைப்பாடு எழுதிக் காத்திருக்கலாம், அவ்வளவே. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடக்கிய இயக்கம் நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் பயன்படுத்துவோர்க்கு உரிமை கோரிற்று. எனினும் உரிமை இருப்பதனால் மட்டும் திருத்தம் நிகழ்ந்துவிடாது. தம்பலகாமத்து இளைஞர் ஒருவர் தம் பிரதியில் மட்டும் குறையை நீக்கினால், அடுத்த பதிப்பு வெளிவரும்போது அவ்வுழைப்பை மீண்டும் செலவிட நேரும். மூதூரில் இருப்பவர்க்கோ அது எட்டவே மாட்டாது. திருத்தம் மூலத்துக்குத் திரும்பிச் செல்லல் வேண்டும்.

குறை முன்னரே அறிவிக்கப்பட்டுள்ளதா என நோக்குதல் முதற் பணி. ஒரு திருத்தம் ஒரு குறையை மட்டுமே தீர்த்தல் நன்று. போகிற போக்கில் பிறர் வரிகளை அழகுபடுத்தப் புகுவது பராமரிப்பாளரின் பொறுமையைச் சோதிப்பதாகும். செல்லையாவின் இரு வடிவங்களையும் சோதனையாக எழுதி, அவை முன்னர்ப் பொருந்தாமையையும் பின்னர்ப் பொருந்துவதையும் காட்டுதல் வேண்டும். மாற்றிய வரிகளை மட்டும் அனுப்பிப் பொருத்தும் வழியை லாரி வால் 1985 இல் எழுதிய 'பேட்ச்' எளிதாக்கிற்று. 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' யார், எப்போது, எதனை மாற்றினர் என்பதை வரலாறாகவே பேணுகின்றது. ஏன் மாற்றினர் என்பதை மட்டும் மாற்றியவரே எழுதிவைத்தல் வேண்டும். பலர் இதனைப் புறக்கணிக்கின்றனர்.

பராமரிப்பாளர் மறுத்துரைக்கவும் கூடும். இவ்விரு தொடக்கங்களையும் ஒன்றாகக் கொள்ளும் விதி பிறமொழிப் பெயர்களைத் தவறாக இணைத்துவிடாதா என்பார். அது நியாயமான வினாவே. விதியைத் தமிழ்ப் பெயர்களுக்குரிய தெரிவாக அமைத்து மீண்டும் அனுப்புதல் தகும். அத்தெரிவைக் கொள்ளாதவிடத்துப் பழைய சோதனைகள் யாவும் முன்போலவே தேறுகின்றன எனக் கண்டபின்னர் அவர் அதனை மூலத்தில் சேர்த்துக்கொள்வார்.