கடைமடையில் குறைவது எது?

காவிரித் தண்ணீர் கடலைச் சேருமுன் கடைசியாகப் பாயும் ஊர்களுள் காரைக்கால் பகுதியிலுள்ள நெடுங்காடும் ஒன்று. 'கடைமடை' என்ற சொல்லின் பொருளை இவ்வூர்ச் சிறுவர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் நிறைந்தோடும் தண்ணீர், கிளை வாய்க்கால்களில் பிரிந்தும், மண்ணில் கசிந்தும், வெயிலில் ஆவியாகியும் குறைந்த பிறகே இங்கு வந்து சேருகிறது.

மின்சாரத்துக்கும் ஒரு கடைமடை உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பி முடிகிற இடத்திலுள்ள வீட்டில், பக்கத்து வயல்களில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் குண்டு பல்பு மங்குகிறது, மின்விசிறி தளர்கிறது. "கரண்டு வழியிலேயே குறைந்துவிட்டது" என்பார்கள். தண்ணீரைப் போல மின்னோட்டமும் வழியில் குறைகிறதா?

இல்லை. கம்பியின் ஒரு முனையில் 20 ஆம்பியர் புகுந்தால், மறுமுனையில் அதே 20 ஆம்பியர் வெளிவருகிறது. மோட்டாரைக் கடந்து, திரும்பும் கம்பியிலும் அதே 20 ஆம்பியர்தான் ஓடுகிறது. வழியில் குறைவது மின்னழுத்தம். அதைக் குறைப்பது கம்பியின் மின்தடை.

ஓம் தந்த அளவுகோல்

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கியார்க் சைமன் ஓம், 1827-இல் வெளியிட்ட நூலில் இவற்றுக்கிடையேயான தொடர்பை விளக்கினார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். முதலாவது ஓம் என்ற அலகிலும், இரண்டாவது வாட் என்ற அலகிலும் அமையும்.

இவற்றை நம் கம்பிக்குப் பொருத்துவோம். 20 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள அலுமினியக் கம்பிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 ஓம் மின்தடை இருக்கும். டிரான்ஸ்பார்மர் 500 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் ஆகும். (மாறுதிசை மின்னோட்டத்தில் வேறு சில விளைவுகளும் உண்டு, இங்கு மின்தடையை மட்டும் பார்ப்போம்.)

கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் வழியில் இழக்கும் மின்னழுத்தம் 20 × 1.4 = 28 வோல்ட். டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் இருந்தாலும் கடைசி வீட்டுக்குக் கிடைப்பது 202 வோல்ட்தான். கம்பியில் வீணாகும் திறன் 28 × 20 = 560 வாட். அது முழுவதும் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

மின்னோட்டத்தைப் பாதியாக்கினால்? 10 ஆம்பியருக்கு இழப்பு 14 வோல்ட். வீணாகும் திறன் 140 வாட். மின்னோட்டம் பாதியானதும் வீண்செலவு கால் பங்காகிவிட்டது! இவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதை ஜூல் 1841-இல் காட்டினார்.

இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும்

230 வோல்ட், 1000 வாட் என்று குறிக்கப்பட்ட இஸ்திரிப் பெட்டியில் ஓடும் மின்னோட்டம் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். அதன் மின்தடை 230 ÷ 4.35, அதாவது சுமார் 53 ஓம். அதையே 202 வோல்ட்டில் இயக்கினால் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 770 வாட்தான். மின்னழுத்தம் 12 விழுக்காடு குறைய, திறன் 23 விழுக்காடு குறைகிறது. துணி மடிப்பு நிமிர நேரமாகும். அவ்வளவுதான், பெட்டிக்குக் கேடில்லை.

மோட்டாரின் கதை வேறு. மின்னழுத்தம் குறைந்தாலும் ஆழத்திலிருந்து தண்ணீரை மேலேற்றும் வேலை அதற்குக் குறைவதில்லை. எனவே ஏறத்தாழ அதே திறனைப் பெற, அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. தோராயமாகச் சொன்னால், 202 வோல்ட்டில் மின்னோட்டம் 1.14 மடங்காகும். சுருளில் தோன்றும் வெப்பமோ இதன் இருமடி, அதாவது 1.3 மடங்காகும். இந்நிலை நீடித்தால் சுருளின் காப்புப் பூச்சு கருகும், மோட்டார் எரியும். பயிர் காயும் வேளையில் மோட்டார் எரிந்துவிட்டால், சுருள் கட்டும் கூலியோடு விளைச்சலும் போகும். மோட்டார் கூடுதலாக இழுக்கும் மின்னோட்டம் கம்பியின் மின்னழுத்தத்தை மேலும் இறக்கிவிடுவது மற்றொரு தொல்லை.

தீர்வு எங்கே?

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கு மின் உற்பத்தி தொடங்கியது. காரைக்கால் பகுதியிலேயே, திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் மின்நிலையம் அருகில் இருப்பதால் மட்டும் பல்பு மங்குவது நின்றுவிடாது. கடைசி அரைக் கிலோமீட்டர் தாழ்வழுத்தக் கம்பியில் இழப்பு நேரத்தான் செய்யும்.

நம் கணக்கில் டிரான்ஸ்பார்மர் அனுப்பிய திறன் 230 × 20 = 4600 வாட். இதையே அதே கம்பியில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 0.42 ஆம்பியர் போதும். அப்போது வீணாவது வெறும் கால் வாட்! ஆகவே 11,000 வோல்ட் கம்பியை வயலருகே கொண்டுவந்து, சிறிய டிரான்ஸ்பார்மரை அங்கேயே நிறுவி, தாழ்வழுத்தக் கம்பியின் நீளத்தைக் குறைப்பது நல்ல வழி. கம்பியைப் பருமனாக்குவது மற்றொரு வழி.

மாணவர்களே, உங்கள் வீட்டு மின்கருவிகளில் குறித்துள்ள வோல்ட், வாட் அளவுகளைப் படித்து, அவை இழுக்கும் மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். தாளும் பென்சிலும் போதும்; மின்கம்பியைத் தொட்டு ஆராய வேண்டாம். ஒரு கேள்வி: நம் கம்பியின் குறுக்குப் பரப்பை 40 சதுர மில்லிமீட்டராக்கினால், அதே 20 ஆம்பியருக்குக் கடைசி வீட்டில் எத்தனை வோல்ட் கிடைக்கும்?