மரவள்ளி இலையைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி

ஆப்பிரிக்காவில் சிறு விவசாயிகளின் முக்கிய உணவுப் பயிர்களில் ஒன்று மரவள்ளி. மழை குறைந்தாலும் ஓரளவு தாங்கி நிற்கும் பயிர் இது. உகாண்டா, தான்சானியா போன்ற நாடுகளில் ஏராளமான குடும்பங்கள் இதை நம்பியுள்ளன. இலையின் புகைப்படத்தைக் கொண்டே இப்பயிரின் நோய்களைக் கண்டறியக் கணினியைப் பழக்கும் முயற்சி அங்கு நடந்து வருகிறது.

இரு பெரும் நோய்கள்

தேமல் நோய், பழுப்புக் கோடு நோய் இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. நோயுற்ற செடியின் கரணையை நட்டாலும் நோய் தொடரும். தேமல் கண்ட இலை மஞ்சள் திட்டுகளுடன் சுருங்கிக் கோணலாகும். 1980-களின் இறுதியில் உகாண்டாவில் பரவத் தொடங்கிய கடும் தேமலால், பல பகுதிகளில் மரவள்ளிச் சாகுபடியையே கைவிட நேர்ந்தது. பழுப்புக் கோடு நோய் ஏமாற்றக்கூடியது. செடி நன்றாகவே தெரியும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கின் உட்புறம் பழுத்து அழுகியிருக்கும். அத்தனை மாதப் பாடும் வீணாகும்.

மாணவர் போட்டிகள்

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, கொடுத்த பிரச்சினைக்கு ஓரிரு நாட்களில் கணினி மூலம் தீர்வு காணும் போட்டிக்கு 'ஹாக்கத்தான்' என்று பெயர். 2018-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'சிண்டி' நிறுவனம், பல ஆப்பிரிக்க நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'உமோஜாஹேக்' என்ற போட்டியை நடத்தியுள்ளது. சுவாஹிலி மொழியில் உமோஜா என்றால் ஒற்றுமை. 2020-ல் இந்நிறுவனம் நடத்திய வேறொரு போட்டியில், எத்தியோப்பியா, தான்சானியா வயல்களின் கோதுமைப் படங்களில் துரு நோயைப் பிரித்தறிய வேண்டியிருந்தது.

படமே விதை

கணினி தானாக நோயை அறியாது. 'இது தேமல், இது நல்ல இலை' என்று பெயரிட்ட படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்க வேண்டும். உகாண்டாவில் இப்படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் விவசாயிகளே. தேசியப் பயிர் ஆராய்ச்சி நிலைய நிபுணர்கள், மக்கெரேரே பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அவற்றுக்குப் பெயரிட்டனர். இவ்வாறு சேர்ந்த 21,000-க்கும் அதிகமான படங்களை வைத்து 2020 நவம்பரில் உலக அளவில் ஒரு போட்டி தொடங்கியது. முதலிடம் பெற்றவர்களின் கணினி முறை, 100 படங்களில் சுமார் 91-ஐச் சரியாகச் சொன்னது.

ஆனால் படங்களில் பாதிக்கு மேல் தேமல் நோயைச் சேர்ந்தவை. குறைவாகப் பார்த்த நோயில் கணினி தடுமாறும். எனவே போட்டியில் வெல்வதைவிட, எல்லா நோய்களுக்கும் போதிய படங்கள் சேர்ப்பதே பெரிய வேலை.

கைபேசியில் உதவி

'நுரு' என்ற செயலி, இணைய வசதி இல்லாத வயலிலும் மரவள்ளி நோயைக் காட்டுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையமும் இதன் உருவாக்கத்தில் பங்கு பெற்றன. ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், பல இலைகளைக் காட்டிப் பார்ப்பது நல்லது.

மருந்து கரணையில்தான்

கணினி நோயின் பெயரைத்தான் சொல்லும். இந்த நச்சுயிரி நோய்களைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நோயுற்ற செடியை இளம் பருவத்திலேயே பிடுங்கி அழிப்பதும், நோயற்ற செடியிலிருந்து கரணை எடுப்பதும், எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தை நடுவதுமே வழி. சேலம், நாமக்கல் பகுதிகளில் தேமலோடு போராடும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும். இலையைக் கணினி பார்த்தாலும் கண் பார்த்தாலும், சந்தேகமுள்ள செடியிலிருந்து அடுத்த பட்டத்துக்குக் கரணை எடுக்கக் கூடாது.