கடல்பனியைக் கணக்கிடுவது எப்படி?

தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாக மழை முன்னறிவிப்பு வெளியிடும். அதற்கு அங்குள்ள காலநிலை ஆராய்ச்சி மையத்தார் பார்ப்பவற்றில் முக்கியமானது பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை. பல்லடத்துச் சோளக்காட்டுக்குக் கடல் சேதி தேவைப்படுகிறது என்பது கொங்குநாட்டுக்குப் புதிதல்ல. ஆர்க்டிக் பனியைக் கண்காணிப்பதும் இதே வகை வேலைதான், சிக்கல் மட்டும் கூடுதல்.

செயற்கைக்கோள்கள் 1978 இறுதியிலிருந்து அந்தப் பனியைத் தொடர்ந்து பார்த்துவருகின்றன. நுண்ணலைகளைக் கொண்டு பார்ப்பதால் மேகமோ துருவ இரவோ தடையில்லை. கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 சதவீதமாவது பனி இருந்தால் அதைப் பனிப்பரப்பில் சேர்ப்பார்கள். 1980களில் செப்டம்பர் மாதக் குறைந்தபட்சம் 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. 2012இல் ஏறக்குறைய 34 லட்சம். அதாவது இந்தியாவின் பரப்பைவிடச் சற்றே அதிகம்.

பரப்பு தெரிந்தால் போதாது. கிணற்றை எட்டிப்பார்த்தால் தண்ணீர் தெரியும். எத்தனை அடி நிற்கிறது என்பது கயிறு விட்டால்தான் தெரியும். பனியின் பெரும்பகுதி நீருக்குள் இருக்கிறது. கோடையில் பனிமேல் உருகித் தேங்கும் நீரைத் திறந்த கடல் என்றே எண்ணிச் செயற்கைக்கோள் ஏமாந்துவிடும்.

இங்கேதான் கடல் மாதிரி (மாடல்) வருகிறது. கம்ப்யூட்டரில் கடலைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக்கி, ஒவ்வொன்றிலும் வெப்பம், உப்பு, நீரோட்டம், காற்று ஆகியவற்றைக் கொடுத்து, பனி எங்கே உறையும், எங்கே உருகும், எந்தப் பக்கம் நகரும் என்று கணக்கிடுகிறார்கள். உப்பு ஏன்? வழக்கமான கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வாக்கில்தான் உறையும்; உப்பு குறைந்தால் அதற்கு முன்பே உறைந்துவிடும். கணக்கு தடம் மாறாமலிருக்க, செயற்கைக்கோள் அளவுகளை அவ்வப்போது உள்ளே கொடுத்துத் திருத்துவார்கள்.

நீருக்குள்ளிருந்து வரும் அளவுதான் அரிது. அதில் சென்னைக்குப் பங்கு உண்டு. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், கோவாவின் துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து, 2014 ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக் கடற்கழி ஒன்றில் 'இண்டார்க்' என்ற கருவித்தொகுதியை நங்கூரமிட்டது. 192 மீட்டர் ஆழமுள்ள அந்த இடத்தில் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாம் ஆண்டு முழுக்கப் பதிவாகும். ஒரே இடத்து அளவுதான். ஆனால் மாதிரியின் கணக்கை உரசிப்பார்க்க அப்படிப்பட்ட இடங்கள்தான் வேண்டும்.

ஆர்க்டிக் பனி குறைந்தால் கோவையில் இத்தனை மில்லிமீட்டர் பெய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறிவியல் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. பனி வரைபடம் எதையாவது பார்த்தால், அது அளந்ததா, கணக்கிட்டதா என்று முதலில் பாருங்கள்.