டாப்ஸ்லிப்பில் மரம் இழுத்த யானைகள்

யானை என்றால் நம்ம வடபழனிக்காரர்களுக்கு சினிமாதான் முதலில் ஞாபகம் வரும். 'நல்ல நேரம்' (1972) படத்தில் எம்.ஜி.ஆரோடு வரும் யானைகளை டி.வி.யில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஆனால் தமிழ்நாட்டுக் காடுகளில் யானைகளுக்கு ரொம்ப காலமாக வேறு ஒரு வேலை இருந்தது. மரம் இழுக்கிற வேலை.

கனடா, ஸ்வீடன் மாதிரி குளிர் நாடுகளில் அந்தக் காலத்தில் குளிர்காலம் தொடங்கும்வரை காத்திருப்பார்கள். தரை இறுகி, பனி விழுந்ததும் வெட்டிய மரத்தைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, குதிரையைப் பூட்டி இழுப்பார்கள். பனியில் அது சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். நம்ம ஊரில் பனிக்கு எங்கே போவது? அதனால் மலைச்சரிவையே சறுக்குமரம் ஆக்கிவிட்டார்கள்!

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் ஆனைமலையில் 'டாப்ஸ்லிப்' இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கப்பல் கட்டவும், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடவும் இங்கே தேக்கு வெட்டினார்கள். மலை உச்சியிலிருந்து மரத்தைக் கீழே சறுக்கி விட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயர்.

சரி, காட்டுக்குள் வெட்டிய மரம் அந்த உச்சிக்கு எப்படி வந்தது? ஒரு பெரிய தேக்குத் துண்டு ஒரு டன்னுக்கு மேலேயே இருக்கும். பாதை இருந்தால் மாட்டுவண்டி போகும். பாறையும் புதரும் ஓடையும் இருக்கிற இடத்தில் மாடு என்ன செய்யும்? அங்கே யானைதான். மரத்தில் சங்கிலி கட்டி யானையின் உடம்பில் பூட்டிய பட்டையோடு சேர்ப்பார்கள். மரம் கல்லில் மாட்டிக்கொண்டால் நெற்றியால் முட்டித் தள்ளும், தும்பிக்கையால் புரட்டும். பாகன் மேலே உட்கார்ந்து காலாலும் வாயாலும் கட்டளை கொடுப்பார். உதவிக்கு வருபவருக்குக் 'காவடி' என்று பெயர் (முருகன் கோயில் காவடி இல்லைங்க!).

இவ்வளவு பலசாலிக்கு வெயில் மட்டும் ஆகாது. யானைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. கறுத்த உடம்பு வேறு. அதனால் காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போதே வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் ஆற்றில் குளியல், ராகியும் கொள்ளும் வேகவைத்துப் பிடித்த உருண்டை. ராத்திரி காலில் சங்கிலியோடு காட்டில் மேய விட்டுவிடுவார்கள். விடிந்ததும் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பார்த்துக்கொண்டே பாகன் போய்த் தேடிக் கூட்டி வருவார். நம்ம வீட்டில் சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆகிறது!

கேட்க ஜாலியாக இருந்தாலும் இதில் ஒரு கொடுமையும் உண்டு. இந்த யானைகள் பல காட்டில் சுதந்திரமாகத் திரிந்தவை. குழி வெட்டி, மேலே இலை தழை மூடி, அதில் விழ வைத்துப் பிடித்தார்கள். பிறகு 'கரால்' என்ற மரக்கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள். தன் கூட்டத்தைப் பிரிந்த யானையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1977-ல் யானை, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு முழுப் பாதுகாப்பு பெற்றது.

காடும் பாவம்தான். வெட்டிக்கொண்டே போனதில் மலை மொட்டையாகத் தொடங்கியது. 1915 வாக்கில் வந்த ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி தேக்கை மறுபடி வளர்த்தார். நடக்கும்போதே கைத்தடியால் குழி குத்தி விதை போடுவார் என்று சொல்வார்கள். அவர் சமாதி டாப்ஸ்லிப்பிலேயே இருக்கிறது.

இன்று அது புலிகள் காப்பகம் (2007). யானைகள் மரம் இழுப்பதில்லை. ஆனால் அவற்றைத் திடீரென்று காட்டுக்குள் அனுப்பவும் முடியாது, மனிதரோடு பழகிவிட்டனவே! அதனால் கோழிகமுத்தி முகாமில் வைத்து மலசர் இனப் பாகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சில யானைகள் 'கும்கி' ஆகிவிட்டன. ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பி அனுப்ப உதவுவது அவற்றின் வேலை. அவற்றில் பேர்போனது கலீம். 2023 மார்ச்சில், 60 வயதில், வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்ய, அது ரிட்டயர் ஆனது. வேலைதான் நின்றது, உருண்டை நிற்கவில்லை.